மழைத் தண்டவாளத்தில் நிற்காத ரயில்: சிமுலேஷனில் பிழை தேடும் வழி

ஈரத் தண்டவாளத்தில் ரயில் பிரேக் பிடிப்பதைக் கணினிக் கோடில் (code) எழுதிப் பார்க்கிற எல்லாரும் ஒரு தப்பைத் தவறாமல் செய்கிறோம். விடை கோணலாக வந்ததும் கை நேரே பிடிப்புக் குணகத்துக்கு (சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள பிடிப்பின் அளவு) போகிறது. 0.15 சரிப்படவில்லையா, 0.12 போடு, அதுவும் இல்லையா, 0.10. நிற்கும் தூரம் ஒத்துவரும்வரை திருகிக்கொண்டே இருப்பது. நான் இரண்டு வாரம் இப்படித் திருகினேன். கோளாறு இருந்த இடமோ வேறு: பிரேக் விசையை நேராகப் பெட்டியின் மேல் போட்டிருந்தேன். சக்கரம் என்று ஒன்று என் கணக்கிலேயே இல்லை. சக்கரம் இல்லாத ரயில் எப்படிச் சறுக்கும்?

பிரேக் பிடிப்பது சக்கரத்தை. ரயிலைப் பிடித்து நிறுத்துவது தண்டவாளம். பிரேக் கேட்கிற விசை ஒன்று, தண்டவாளம் கொடுக்கிற விசை இன்னொன்று. காய்ந்த தண்டவாளத்தில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் அவை வேறு வேறு என்பதே மறந்துபோகும்.

அதனால் அறிகுறி எதுவானாலும் (கீழே வரும் ஒவ்வொரு தலைப்பும் ஒரு அறிகுறி) முதல் வேலை ஒன்றுதான். ஒவ்வொரு அச்சுக்கும், ஒவ்வொரு நேர ஸ்டெப்பிலும், நாலு எண்களை லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதச் சொல்லுங்கள்: பிரேக் கேட்ட விசை, தண்டவாளம் கொடுத்த விசை, சக்கர விளிம்பின் வேகம், ரயிலின் வேகம். முதல் இரண்டும் எந்த விநாடியில் பிரிகின்றன என்று பாருங்கள். பிழை பெரும்பாலும் அந்த விநாடிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கணக்குக்காக, கீழே முழுக்க ஒரே அச்சை எடுத்துக்கொள்கிறேன்: 12 டன் சுமை, சக்கர ஆரம் 0.46 மீட்டர், நிலைமத் திருப்புத்திறன் 100 கிலோகிராம் மீட்டர்², வேகம் மணிக்கு 100 கி.மீ. (விநாடிக்கு 27.8 மீட்டர்), பிரேக் கேட்கும் எதிர்முடுக்கம் 0.9 மீ/வி². சமதளம். இந்த அச்சு கேட்கும் விசை 10.8 கிலோ நியூட்டன்.

## மழைக்கும் வெயிலுக்கும் ஒரே தூரத்தில் நிற்கிறது

பிழை என்று நினைத்துக் கோடைப் பிரித்துப்போடுவதற்கு முன் ஒரு வகுத்தல் போடுங்கள். கேட்கும் எதிர்முடுக்கத்தை 9.81 ஆல் வகுத்தால் தேவைப்படும் பிடிப்பு வரும். 0.9-க்கு அது 0.092. நன்றாக நனைந்த, ஆனால் சுத்தமான தண்டவாளம் 0.15 முதல் 0.2 வரை கொடுக்கும். கேட்டது 0.092, இருப்பது 0.15. பிறகு ஏன் வழுக்க வேண்டும்? வெயிலில் 429 மீட்டரில் நிற்கிற ரயில் மழையிலும் 429 மீட்டரில்தான் நிற்கும். சிமுலேஷன் சரியாகத்தான் சொல்கிறது.

பிடிப்பை 0.05 ஆக்கினால் தூரம் 787 மீட்டருக்கும், 0.03 ஆக்கினால் 1,311 மீட்டருக்கும் போக வேண்டும். (சக்கரம் லாக் ஆகாமல், அதாவது சுழற்சி நின்று இழுபடாமல், கிடைக்கும் பிடிப்பு முழுவதையும் பயன்படுத்துகிறது என்ற கணக்கில், பிரேக் ஏறும் நேரம் சேர்க்கவில்லை.) 0.03-லும் 429 என்றே வந்தால்தான் பிழை. அப்போது நான் செய்த தப்பையே நீங்களும் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்: பெட்டியின் சமன்பாட்டில் பிரேக் விசை என்ற உறுப்பே இருக்கக்கூடாது. அதில் வர வேண்டியது தண்டவாளம் கொடுக்கும் விசை மட்டும். பிரேக் விசை சக்கரத்தின் சுழற்சிச் சமன்பாட்டில்தான் வரும்.

மோட்டார் பிரேக் உள்ள மின் ரயிலில் மட்டும் இந்த வகுத்தலைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பாதி அச்சுகளில்தான் மோட்டார், முழு ரயிலுக்கான 0.8 மீ/வி²-ஐயும் அவையே இழுக்கின்றன என்றால், அந்த அச்சுகள் கேட்கும் பிடிப்பு 0.08 அல்ல, 0.16. சாதாரண மழையிலேயே சறுக்கக்கூடும். அதுவும் பிழை அல்ல.

## பிரேக் போட்ட மறு ஸ்டெப்பிலேயே சக்கரம் லாக் ஆகிறது

நம் அச்சில் பிடிப்பு 0.03 என்றால் தண்டவாளம் கொடுப்பது 3.5 கிலோ நியூட்டன். கேட்டது 10.8. மிச்சம் 7.3 கிலோ நியூட்டன் சக்கரத்தைத்தான் நிறுத்தும். நிலைமத் திருப்புத்திறனை ஆரத்தின் இருமடியால் வகுத்தால் 473 கிலோ. அந்தச் சக்கரம் விளிம்பில் அவ்வளவு எடை போலத்தான் நடந்துகொள்ளும். 7,300-ஐ 473 ஆல் வகுத்தால் 15.4 மீ/வி². ரயிலின் வேகம் குறைவதைவிட ஐம்பது மடங்கு வேகமாகச் சக்கரத்தின் வேகம் குறைகிறது. 27.8-இலிருந்து பூஜ்யத்துக்கு 1.8 விநாடி.

இந்த 1.8 விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லாகில் 0.01 விநாடியில் நின்றால் சக்கரத்துக்கு நிலைமமே கொடுக்கவில்லை. பதினெட்டு விநாடி போல எடுத்தால் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்திருக்கிறது, 100-க்குப் பதில் 1,000. முழு விசையும் முதல் ஸ்டெப்பிலேயே வந்துவிடுகிறதா என்பதையும் பாருங்கள். காற்று பிரேக் அப்படி வராது. பயணிகள் ரயில் முறையில் பிரேக் சிலிண்டர் நிரம்ப 3 முதல் 5 விநாடி, சரக்கு முறையில் 18 முதல் 30 விநாடி. நீளமான சரக்கு ரயிலில் கடைசி வேகனுக்குச் செய்தி போய்ச் சேரவே மேற்கொண்டு சில விநாடிகள் ஆகும்.

## நிற்கப் போகிற நேரத்தில் சக்கரம் வெறிபிடித்து ஆடுகிறது

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். மணிக்கு 100-இலிருந்து 40 வரை வரைபடத்தில் சக்கர வேகக் கோடு வழவழவென்று இறங்கும். பிறகு மெல்ல ஒரு நடுக்கம். 10-க்குக் கீழே சக்கர வேகம் மேலும் கீழும் ரம்பப் பல்லாகிவிடும். கடைசியில் 'எண் அல்ல' (NaN) என்று வந்து நிற்கும். பிடிப்பு மாதிரி தப்பு என்று நினைத்து அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மாதிரியில் ஒரு குற்றமும் இல்லை. டைம் ஸ்டெப்தான் காரணம்.

பிடிப்பு விசை நழுவலைப் பொறுத்தது. நழுவல் என்றால் ரயில் வேகத்துக்கும் சக்கர விளிம்பு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ரயில் வேகத்தால் வகுத்தது. காய்ந்த தண்டவாளத்தில் ஏறத்தாழ 0.5% நழுவலிலேயே விசை உச்சத்தை நெருங்கிவிடும் என்று வைத்துக்கொள்வோம். பிடிப்பு 0.3 என்றால் நம் அச்சுக்கு உச்ச விசை 35 கிலோ நியூட்டன். ரயில் விநாடிக்கு 10 மீட்டரில் போகும்போது 0.5% என்பது விநாடிக்கு 5 சென்டிமீட்டர் வேக வித்தியாசம். அந்த 5 சென்டிமீட்டருக்குள் விசை 0-இலிருந்து 35 கிலோ நியூட்டனுக்கு ஏறுகிறது. 473 கிலோ சக்கரத்தை அது இழுத்துச் சரிசெய்ய எடுக்கும் காலம் 0.7 மில்லி விநாடிதான். ரயில் விநாடிக்கு 1 மீட்டரில் ஊரும்போது அதே காலம் 0.07 மில்லி விநாடி ஆகிவிடும். வேகம் குறையக் குறைய சமன்பாடு விறைத்துக்கொண்டே போகிறது.

சாதாரண ஆய்லர் முறையில் ஸ்டெப் இந்தக் காலத்தின் இருமடங்கைத் தாண்டினால் விடை சிதறும். உங்கள் ஸ்டெப் 10 மில்லி விநாடியா? காய்ந்த தண்டவாளத்தில் விநாடிக்கு 10 மீட்டரிலேயே அது தேவையைவிட ஏழெட்டு மடங்கு பெரிது. வழுக்கும் தண்டவாளத்தில் உச்ச விசை குறைவு, அதனால் சரிவும் குறைவு. நடுக்கம் தாமதமாக வரும். "ஈரத்தில் நன்றாக ஓடுகிறது, காய்ந்ததில் சிதறுகிறது" என்று யாராவது சொன்னால் லாகைப் பார்க்காமலே நான் இதைத்தான் சொல்வேன்.

ஸ்டெப்பைக் குறைப்பது தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது. 58 வேகன் சரக்கு ரயிலை 0.05 மில்லி விநாடியில் ஓட்டிப் பாருங்கள், டீ குடித்துவிட்டு வந்தாலும் முடிந்திருக்காது. சக்கரச் சமன்பாட்டை மட்டும் பாதி உள்ளார்ந்த (semi-implicit) முறைக்கு மாற்றுவதுதான் உருப்படியான வழி. இந்த ஸ்டெப்பில் நழுவல் வேகத்தோடு விசை எவ்வளவு சரிவில் ஏறுகிறது என்று கணக்கிட்டு, அந்தச் சரிவை ஆரத்தின் இருமடியாலும் ஸ்டெப்பாலும் பெருக்கி, நிலைமத் திருப்புத்திறனோடு கூட்டி, அதனால் வகுங்கள். கோடில் ஒரே வரிதான் மாறும். உச்சத்தைத் தாண்டிச் சரிவு எதிர்க்குறி ஆகும் இடத்தில் அதைப் பூஜ்யமாக வையுங்கள், இல்லாவிட்டால் வகுக்கும் எண் சின்னதாகிப் புதுத் தலைவலி தொடங்கும். நழுவலுக்கு வகுக்கும் ரயில் வேகத்துக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைப்பது நல்லது, விநாடிக்கு 0.1 மீட்டர் போல. பூஜ்யத்தால் வகுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

## சக்கரம் லாக் ஆகிறது, ஆனாலும் தூரம் கூடவில்லை

இங்கே பெரும்பாலும் வேகத்திலிருந்து பிடிப்பைக் கணக்கிடும் கர்ட்டியஸ்–நிஃப்லர் சூத்திரம் இருக்கும். ஜெர்மனியில் 1940-களில் ஓட்டிப் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது. ஓப்பன் ரெயில்ஸ் சிமுலேட்டர்கூட இதைப் பயன்படுத்தும்:

பிடிப்பு = 7.5 ÷ (வேகம் + 44) + 0.161

நிற்கும்போது 0.331, மணிக்கு 100 கி.மீ.யில் 0.213. வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வர வேண்டும். விநாடிக்கு மீட்டரில் கொடுத்தால் அதே 100-க்கு 0.265 என்று வரும். பார்க்கும்போது தப்பாகவே தெரியாது, அதுதான் ஆபத்து.

யூனிட் சரியாக இருந்தும் தூரம் கூடவில்லை என்றால் காரணம் வேறு. இந்தச் சூத்திரம் சொல்வது அந்த வேகத்தில் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பிடிப்பை. சக்கரம் எவ்வளவு நழுவுகிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. உருளும் சக்கரத்துக்கும் லாக் ஆகி இழுபடும் சக்கரத்துக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கும். நழுவலோடு மாறும் வளைவு தனியாக வேண்டும். போலாக் என்ற ஆய்வாளர் தன் 2005 கட்டுரையில் தந்திருக்கும் முறை கைக்கு அடக்கமானது. நழுவும் வேகம் கூடக் கூட உராய்வு இப்படி இறங்கும்: ஆரம்ப உராய்வை எடுத்து, அதில் 40% அப்படியே நிற்கும், மிச்ச 60% அடுக்குக்குறி வேகத்தில் தேயும். ஈரத் தண்டவாளத்துக்கு அவர் தரும் ஆரம்ப உராய்வு 0.30, தேய்வு எண் 0.20. விநாடிக்கு 20 மீட்டர் நழுவும்போது 0.123-க்கு வந்துவிடும். இதைச் சேர்த்ததும் லாக் ஆன சக்கரம் ரயிலை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்று தெரியும்.

## மழை கூடக் கூட மோசமாகிறது

மழையின் அளவை 0-இலிருந்து 1 வரை வைத்து, பிடிப்பை நேர்கோட்டில் இறக்கியிருப்பீர்கள். நிஜம் அப்படி இல்லை. கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். மோசமானது தூறல், பனி இறங்கிய விடியற்காலை, மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள். தண்டவாளத்தின் மேல் இருக்கிற துருத்தூளும் எண்ணெயும் கொஞ்சம் தண்ணீரோடு சேர்ந்து பசையாகிவிடும். ரொம்ப நாள் கழித்துத் தூறும்போது தார்ரோட்டில் பைக் எப்படி வழுக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இலைகள் சேர்ந்தால் இன்னும் மோசம். இங்கிலாந்தில் இலையுதிர் காலத்தில் சக்கரங்கள் இலையை நசுக்கி நசுக்கித் தண்டவாளத்தின் மேல் ஒரு கருப்புப் படலமாகவே ஆக்கிவிடும். அது நனைந்தால் பிடிப்பு 0.03 அல்லது அதற்கும் கீழே. 2021 அக்டோபர் 31 அன்று சாலிஸ்பரி சுரங்கப்பாதை சந்திப்பில் ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் இன்னொரு ரயிலின் பக்கவாட்டில் மோதியது. விபத்து விசாரணை சொன்ன காரணங்களில் ஒன்று இலைப் படலம். சற்று முன்பு பெய்த தூறல் அதை இன்னும் வழுக்கலாக்கியிருந்தது.

ஆகவே நேர்கோட்டை எடுத்துவிட்டு ஒரு பள்ளம் உள்ள வளைவு போடுங்கள்: காய்ந்ததில் உயரம், தூறலில் அடிமட்டம், கனமழையில் பாதி உயரத்துக்கு மீண்டும் ஏற்றம். பாதை நெடுக ஒரே எண்ணும் வேண்டாம். மரம் அடர்ந்த 300 மீட்டர், சுரங்கத்தின் வாய், நிலையத்துக்கு முந்தைய வளைவு என்று திட்டுத் திட்டாக வையுங்கள்.

## சறுக்கல் தடுப்பு அமைப்பு அபாரமாக வேலை செய்கிறது

அபாரமாக வேலை செய்தால் சந்தேகப்படுங்கள். புதுவகைப் பயணிகள் பெட்டிகளான எல்.எச்.பி. பெட்டிகளில் டபிள்யூ.எஸ்.பி. என்று சொல்வார்களே, சக்கரம் சறுக்கினால் பிரேக் சிலிண்டரிலிருந்து காற்றைச் சற்று வெளியே விட்டுச் சக்கரத்தை மீண்டும் உருளவிடும் அமைப்பு, அதன் கோடுக்கு நீங்கள் ரயிலின் நிஜ வேகத்தைக் கொடுத்திருப்பீர்கள். சிமுலேஷனில் அது ஒரு மாறியாகப் பக்கத்திலேயே இருக்கிறது, எடுத்துக்கொள்ளத் தோன்றுவது இயல்பு. ஆனால் நிஜப் பெட்டியில் அந்தக் கருவிக்குத் தெரிந்தது நாலு அச்சுகளின் சுழற்சி மட்டுமே. தரை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. நாலு அச்சும் சேர்ந்து சறுக்கினால், ரயிலே மெதுவாகிவிட்டது என்று அது நம்பிவிடும்.

சரிசெய்ய, அந்தச் செயற்கூறுக்குப் போகும் உள்ளீடுகளிலிருந்து ரயில் வேகத்தை வெட்டிவிடுங்கள். நாலு அச்சுகளில் அதிக வேகமானதை எடுத்து, அது நம்பத்தகுந்த எதிர்முடுக்கத்தைவிட வேகமாக இறங்காதபடி கட்டுப்படுத்தி, அதையே 'ரயில் வேகம்' என்று வையுங்கள். அவ்வப்போது ஒரு அச்சின் பிரேக்கை முழுவதும் விட்டு அது தரை வேகத்துக்கு ஏறுகிறதா என்று பார்க்கும் வேலையையும் சேருங்கள். காற்றை வெளியே விடும் டம்ப் வால்வு திறந்த உடனே சிலிண்டர் காலியாகிவிடாது என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறை விடும் காற்றும் பெட்டியின் காற்றுத் தொட்டியிலிருந்துதான் வருகிறது. நீளமான சறுக்கலில் தொட்டி அழுத்தம் இறங்காமல் நேர்கோடாக இருந்தால் அந்தக் கணக்கு விட்டுப்போயிருக்கிறது.

நழுவலை 1%-இல் பிடித்து வைக்க முயலாதீர்கள். நிஜக் கருவிகள் இருபது சதவீதம் அளவுக்குக்கூட நழுவ விடும். நழுவும் சக்கரம் தண்டவாளத்தின் படலத்தைத் தேய்த்துப் பின்னால் வருபவற்றுக்கு வழி சுத்தம் செய்கிறது.

லோகோ பைலட்டின் வேகமானியைக் காட்டும் சிமுலேட்டர் என்றால் அது சக்கரத்திலிருந்து வருகிற வேகத்தைத்தான் காட்ட வேண்டும். ரயில் மணிக்கு 60-இல் போகிறது, முள் பூஜ்யத்தில் நிற்கிறது: நிஜம் அப்படித்தான்.

## காலி வேகன்கள் மட்டும் சறுக்குகின்றன

பிரேக் விசை எடைக்கு ஏற்ப மாறவில்லை. பாக்ஸ்-என் என்ற சரக்கு வேகன் காலியாக 22.5 டன் அளவு, சுமையோடு 81.28 டன். சுமை வேகனில் எடையின் 7% பிரேக் விசை என்றால் அதே விசை காலி வேகனில் 25%. ஈரத்தில் நிச்சயம் லாக் ஆகும். காலி–சுமை மாற்றும் கருவியைக் கோடில் சேருங்கள், அவ்வளவுதான்.

## நின்ற பிறகு பின்னால் நகர்கிறது

வேகத்தின் குறியைப் பார்த்து பிரேக் விசையின் குறியை மாற்றுகிறீர்கள். பூஜ்யத்தைத் தாண்டும் ஸ்டெப்பில் வேகத்தைப் பூஜ்யமாகப் பிடித்து வைத்து, வெளி விசை நிலை உராய்வைத் தாண்டினால் மட்டும் விடுங்கள்.

## சமதளத்தில் சரி, இறக்கத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறது

மகாராஷ்டிராவில் கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் நடுவே உள்ள போர் காட் மலைப்பாதை 1:37 சரிவு. புவியீர்ப்பு இழுப்பு மட்டும் 0.265 மீ/வி². பிடிப்பு 0.03 என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.294. மிஞ்சுவது 0.029. மணிக்கு 30 கி.மீ.யில் இறங்கும் ரயில் சமதளத்தில் 118 மீட்டரில் நிற்கும், இங்கே 1.2 கிலோமீட்டர். பிடிப்பு 0.027-க்கு வந்தால் நிற்கவே நிற்காது. கோடு உடைந்தது போலத் தோன்றும், உடையவில்லை. நீலகிரி மலை ரயிலில் கல்லாறுக்கு மேலே பல்சக்கரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான்: 1:12 அளவுச் சரிவில் உருளாமல் நிற்கவே 0.08 பிடிப்பு வேண்டும்.

இறக்கத்தில் சோதிக்கும்போது ஒன்று: சரிவை முழு ரயிலுக்கும் ஒரே புள்ளியில் வைக்காமல் ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் இடத்தில் வையுங்கள். 700 மீட்டர் ரயிலில் முன்பாதி சரிவிலும் பின்பாதி மேட்டிலும் இருக்கலாம்.

## நிஜத்தில் நின்ற தூரத்தைவிட சிமுலேஷனில் ரொம்ப நீளமாக வருகிறது

எல்லா அச்சுக்கும் ஒரே பிடிப்பு கொடுத்திருக்கிறீர்கள். முதல் அச்சு படுகிற பாட்டைக் கடைசி அச்சு படுவதில்லை. முன்னால் போன சக்கரங்கள் படலத்தைத் தேய்த்திருக்கும். அச்சு கடக்கக் கடக்க பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி வையுங்கள். எவ்வளவு ஏற்றுவது என்பது படலத்தைப் பொறுத்தது. துருப்பசைக்கு அதிகம், இலைப் படலத்துக்கு மிகக் குறைவு. பழைய ஐ.சி.எஃப். பெட்டியைப் போல சக்கர முகத்தையே கட்டை அழுத்தும் பிரேக் என்றால் கட்டை சக்கரத்தையும் துடைக்கும். டிஸ்க் பிரேக் சக்கர முகத்தைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் ஒரே எண் போடாதீர்கள்.

மணலும் இங்கேதான் வரும். மணல் விழும் இடத்துக்குப் பின்னால் உள்ள அச்சுகளுக்கு மட்டும் பிடிப்பை ஏற்றுங்கள், முன்னால் உள்ளவற்றுக்கு வேண்டாம். மணல் பெட்டிக்குக் கொள்ளளவும் இருக்கட்டும், தீர்ந்துபோகட்டும்.

கடைசியாக ஓட்டிப் பார்க்க ஒரு நிஜச் சம்பவம். 2010 நவம்பர் 8, தென்கிழக்கு இங்கிலாந்தின் ஸ்டோன்கேட் நிலையம். நிற்க வேண்டிய பயணிகள் ரயில் அவசர பிரேக் போட்டபடியே நிலையத்தைத் தாண்டி 3.94 கிலோமீட்டர் போனது. பிரேக் தொட்ட இடத்திலிருந்து மொத்தம் 5.18 கிலோமீட்டர். முன்பக்க மணல் பெட்டிகளில் ஏறக்குறைய நிச்சயமாக மணல் இருந்திருக்காது என்றது விசாரணை அறிக்கை. உங்கள் கோடில் மணலைப் பூஜ்யமாக்கி, இலைப் படலத்தை நீளமாகப் பரப்பி, அந்த வரைபடத்தின் சரிவுகளோடு ஓட்டுங்கள். ஒரு கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டால் லாகைத் திறந்து முதல் அச்சின் இரண்டாவது எண்ணைப் பாருங்கள்: தண்டவாளம் கொடுக்க முடியாத விசையை எங்கேயோ ஒரு வரி கொடுத்துக்கொண்டிருக்கிறது.